புகையும் மணியும் எதற்காக? ஹோல்போர்ன் புனித ஆல்பன் ஆலயத்தை வைத்து ஆங்கிலோ-கத்தோலிக்கம் பற்றி ஒரு எளிய விளக்கம்

லண்டனில் ஒரு ஆலயத்துக்குள் நுழைகிறீர்கள். சாம்பிராணி வாசனை. பீடத்தின் மேல் ஆறு மெழுகுவர்த்திகள். பூவேலை செய்த அங்கியோடு குருவானவர். மூலையில் மரியாள் சுரூபம், அதன் முன்னால் முழங்காலில் இரண்டு பேர். நம்மூர்க்காரர் யாராக இருந்தாலும் "இது ஆர்.சி. கோயில்" என்று சொல்லிவிடுவார். வெளியே வந்து பலகையைப் பார்த்தால் இங்கிலாந்து திருச்சபை என்று எழுதியிருக்கும். அதாவது மன்னரைத் தலைவராகக் கொண்ட, போப்பின் அதிகாரத்தை ஏற்காத சபை.

இப்படிப்பட்ட ஆலயங்களைத்தான் ஆங்கிலோ-கத்தோலிக்க ஆலயங்கள் என்கிறார்கள். இவர்களைப் பற்றிப் பொதுவாக மூன்று பேச்சு உண்டு. பாதி கத்தோலிக்கம் பாதி புராட்டஸ்டண்ட் என்பது ஒன்று. ரோமுக்குப் போகத் துணிச்சல் இல்லாதவர்கள் என்பது இன்னொன்று. பணமும் ஓய்வும் உள்ளவர்களின் அலங்காரப் பக்தி என்பது மூன்றாவது. மூன்றுமே விஷயத்தைத் தவறவிடுகின்றன என்பது என் கருத்து. மூன்றாவது பேச்சு வரலாற்றுக்கே நேர் எதிரானது.

வீடு அதே வீடுதானா?

ஒரு கூட்டுக்குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா வெளியூரில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் நடத்துகிறார். ஒருநாள் தம்பி மகன் "இனி உங்கள் அதிகாரம் இந்த வீட்டில் செல்லாது" என்று சொல்லிவிடுகிறான். வீட்டை விட்டுப் போகவில்லை, அதே வீட்டில்தான் இருக்கிறான். ஆனால் சில சுவர்களை இடிக்கிறான், பூசையறையைக் காலி செய்கிறான், வெள்ளையடிக்கிறான். பல தலைமுறைகளுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளுக்குள் வழக்கு வருகிறது. "அன்றைக்கே பழைய வீடு போய்விட்டது, நாம் இருப்பது புது வீடு" என்கிறது ஒரு கட்சி. "பெரியப்பாவின் அதிகாரம்தான் போனது, வீடும் பூசையறையும் நம்முடையவைதான்" என்கிறது மற்றது.

இங்கிலாந்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 1534இல் எட்டாம் ஹென்றி போப்பின் அதிகாரத்தை நீக்கித் தன்னைச் சபையின் தலைவராக்கிக்கொண்டார். அவர் மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில் பீடங்களும் சுரூபங்களும் அகற்றப்பட்டன. அதனால் பெரும்பாலான ஆங்கிலேயர்கள் தங்கள் சபையைப் புராட்டஸ்டண்ட் சபையாகவே எண்ணி வந்தார்கள். ஆங்கிலோ-கத்தோலிக்கர்கள் வழக்கின் இரண்டாவது கட்சி. 597இல் அகஸ்டின் கேன்டர்பரிக்கு வந்து தொடங்கிய அதே சபைதான் இது, இடையில் அறுபடவில்லை என்பது அவர்கள் வாதம்.

அறுபடவில்லை என்பதற்கு அவர்கள் காட்டும் ஆதாரத்துக்கு அப்போஸ்தல வழிமரபு என்று பெயர். இயேசுவின் சீடர்கள் கை வைத்து அடுத்த தலைமுறையினருக்குப் பட்டம் கொடுத்தார்கள், அவர்கள் அதற்கடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள், இப்படியே இன்றைய பிஷப் வரை கைமாறி வந்த சங்கிலி. போப்பை விட்டுப் பிரிந்தபோதும் இங்கிலாந்தில் பிஷப்புகள் தொடர்ந்து இருந்தார்கள், அதனால் சங்கிலியும் தொடர்ந்தது என்கிறார்கள் இவர்கள். ரோம் இதை ஏற்கவில்லை. 1896இல் போப் பதின்மூன்றாம் லியோ, ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து திருச்சபை மரபின், குருப்பட்டங்கள் முற்றிலும் செல்லாதவை என்று அறிவித்துவிட்டார். ஆக, ரோமும் "நீங்கள் எங்களவர் இல்லை" என்றது. சொந்தச் சபையில் பலரும் அதையேதான் சொன்னார்கள்.

ஆக்ஸ்போர்டில் ஒரு பிரசங்கம்

இந்த வழக்கு பெரிதாக வெடித்தது 1833இல். அயர்லாந்தில் இருந்த ஆங்கிலிக்கன் பிஷப் பதவிகளில் பத்தை நாடாளுமன்றம் ஒழிக்கத் தீர்மானித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ரோமன் கத்தோலிக்கர்களும் நாடாளுமன்ற உறுப்பினராகலாம் என்று சட்டம் மாறியிருந்தது. ஆங்கிலிக்கன் அல்லாதவர்களும் உட்கார்ந்திருக்கும் ஒரு நாடாளுமன்றம் ஆங்கிலிக்கன் பிஷப்புகளை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யலாமா? ஜூலை 14 அன்று ஆக்ஸ்போர்டில் ஜான் கீபிள் என்ற குருவானவர் இதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஆக்ஸ்போர்டு இயக்கம். ஜான் ஹென்றி நியூமன், எட்வர்ட் பியூசி முதலானோர் அதில் சேர்ந்தார்கள். திருச்சபை என்பது அரசின் ஓர் இலாகா அல்ல என்பதைச் சொல்ல 1841க்குள் 90 துண்டுப் பிரசுரங்கள் வந்தன. 1845இல் நியூமன் ரோமன் கத்தோலிக்கராகிவிட்டார். இயக்கம் அதோடு முடிந்தது என்று எதிரிகள் நினைத்தார்கள்.

இந்த முதல் தலைமுறையில் சாம்பிராணி கிடையாது, அங்கி விவாதம் கிடையாது. கீபிளும் பியூசியும் வழிபாட்டை ஏறக்குறைய பழையபடிதான் நடத்தினார்கள். கருத்துதான் முதலில் வந்தது, புகை பிறகு வந்தது. புகையிலிருந்து தொடங்கினால் இந்த மரபு புரியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஆங்கிலோ-கத்தோலிக்கர் என்பவர் இங்கிலாந்து திருச்சபைக்குள்ளேயே இருந்துகொண்டு, அது பழைய உலகளாவிய சபையின் தொடர்ச்சி என்று நம்புகிறவர். பிஷப்புகளின் வழிமரபுதான் அவர் பிடித்திருக்கும் கயிறு.

புத்தகத்திலிருந்து தெருவுக்கு

அந்தக் கருத்துக்குச் செங்கல் வடிவம் கொடுத்த முதல் பெரிய கட்டடம் லண்டன் மார்கரெட் தெருவில் இருக்கும் சகல பரிசுத்தவான்கள் ஆலயம். 1850இல் பியூசி அடிக்கல் நாட்டினார், 1859இல் பிரதிஷ்டை நடந்தது. கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட். நெருக்கடியான ஒரு துண்டு நிலத்தில் சிவப்புச் செங்கலுக்கு நடுவே கறுப்புச் செங்கல் பட்டைகள் போட்டு, 227 அடி உயரக் கோபுரத்தோடு எழுப்பினார். அந்த இடத்தில் முன்பு இருந்த சிற்றாலயத்தின் குருவானவர் ஃபிரெடெரிக் ஓக்லி. நம் ஆலயங்களில் கிறிஸ்துமஸ் அன்று பாடும் "பக்தரே வாரும்" பாட்டுக்கு மூலம் லத்தீன் என்பது தெரிந்திருக்கும். அதை இன்று உலகமே பாடும் ஆங்கிலப் பாட்டாக்கியவர் இந்த ஓக்லிதான், 1841இல். அவரும் பிறகு ரோமுக்குப் போய்விட்டார்.

ஆனால் இந்த மரபின் உண்மையான குணத்தைப் பார்க்க வேண்டுமானால் மார்கரெட் தெருவிலிருந்து கிழக்கே ஹோல்போர்னுக்குப் போக வேண்டும். 1860களில் அங்கே கிரேஸ் இன் சாலைக்குப் பின்னால் இருந்த சந்துகள் லண்டனின் மோசமான சேரிகளில் சில. அங்கே ஓர் ஆலயம் கட்டப் பணம் கொடுத்தவர், இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்த ஜான் ஹப்பர்ட். வரைபடம் அதே பட்டர்ஃபீல்ட். 1863இல் புனித ஆல்பன் ஆலயம் பிரதிஷ்டை ஆனது. சேகரத்தின் முதல் குருவானவர் அலெக்சாண்டர் மகானகி, ஸ்காட்லாந்து வம்சத்தவர், சிரிப்பு அதிகம் வராத, கண்டிப்பான மனிதர். சேகரம் என்றால் ஒரு குருவானவரின் பொறுப்பில் விடப்பட்ட பகுதி, ஆர்.சி. வழக்கில் பங்கு.

அன்றைக்குப் பல ஆலயங்களில் பெஞ்சுகளுக்கு வாடகை உண்டு. வசதியான குடும்பம் பணம் கட்டி முன்வரிசையைப் பிடித்துக்கொள்ளும், ஏழைகள் பின்னால் ஒதுங்க வேண்டும். புனித ஆல்பனில் எல்லா இருக்கையும் எல்லாருக்கும்தான். மகானகியோடு 1862இல் உதவிக் குருவாக வந்தவர் ஆர்தர் ஸ்டான்டன். 1913இல் சாகும்வரை அதே சேகரத்தில் உதவிக் குருவாகவே இருந்தார். பதவி உயர்வு இல்லை, சொந்தச் சேகரம் இல்லை. தபால்காரர்களுக்குச் சங்கம் வைத்தார், இளைஞர்களுக்கு மன்றம் நடத்தினார், மேடையில் நின்றால் தெருமுனைச் சுவிசேஷகர் மாதிரிப் பேசினார். அவருடைய சவ ஊர்வலத்துக்கு லண்டன் தெருக்களில் கூட்டம் திரண்டு நின்றது.

அப்பத்துக்கும் சேரிக்கும் என்ன சம்பந்தம்?

சடங்கும் சேவையும் தற்செயலாக ஒன்றுசேர்ந்தவை அல்ல. இரண்டுக்கும் வேர் ஒன்று. நற்கருணையில் குருவானவர் அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதிக்கிறார். கிறிஸ்து அதில் மெய்யாகவே இருக்கிறார் என்ற நம்பிக்கைக்கு மெய்ப்பிரசன்னம் என்று பெயர். எப்படி என்று விளக்க இவர்கள் பொதுவாக முயல்வதில்லை, இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இதை ஒருவர் நம்பிவிட்டால் மற்றவை தாமே பின்தொடரும். ராஜா வந்திருக்கும் இடத்தில் முழங்கால் இடத்தான் வேண்டும். விளக்கு ஏற்றத்தான் வேண்டும். தூபம் காட்டத்தான் வேண்டும். கடவுள் அப்பம் போன்ற சாதாரணப் பொருளில் வருவார் என்றால், அழுக்குச் சந்தில் இருக்கும் மனித உடம்பையும் மரியாதையோடு நடத்தத்தான் வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் பிஷப் ஃபிராங்க் வெஸ்டன் 1923இல் லண்டனில் நடந்த ஆங்கிலோ-கத்தோலிக்க மாநாட்டில் இதைத்தான் முகத்தில் அறைந்த மாதிரி சொன்னார்: சேரியில் இருக்கும் இயேசுவிடம் இரக்கம் காட்டாதவர், பேழையில் இருக்கும் இயேசுவை வணங்குவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பேழை என்றால், நோயாளிகளுக்குக் கொடுக்கவும் வணங்கவும் நற்கருணை அப்பத்தைப் பூட்டி வைக்கும் சிறு பெட்டி.

தேம்ஸ் துறைமுகப் பகுதியில் சார்லஸ் லவுடர் என்ற குருவானவர் செய்ததும் இதுவே. 1859, 60களில் அந்தப் பகுதி ஆலயத்துக்குள் ஞாயிறுதோறும் கூட்டம் புகுந்து சடங்குகளை எதிர்த்துக் கலாட்டா செய்தது. 1866இல் அங்கே காலரா வந்தது. லவுடரும் அவரோடிருந்த துறவறச் சகோதரிகளும் வீடு வீடாகப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எதிர்ப்பு அடங்கியது. இறையியல் வாதம் எதுவும் சாதிக்காததை இது சாதித்தது.

சட்டப் புத்தகத்தில் ஒரு வரி

இனி விசித்திரமான பகுதி. இங்கிலாந்து திருச்சபையின் வழிபாட்டை நாடாளுமன்றச் சட்டம் கட்டுப்படுத்தியது. 1662இன் ஜெபப் புத்தகமே அந்தச் சட்டத்தின் பகுதி. அதன் தொடக்கத்தில் ஒரு குறிப்பு: ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் இரண்டாம் ஆண்டில் நாடாளுமன்ற அதிகாரத்தால் வழக்கில் இருந்த ஆலய அலங்காரங்களும் ஊழியர் உடைகளும் தொடர வேண்டும். இதற்கு அலங்கார விதி என்று பெயர்.

எட்வர்டின் இரண்டாம் ஆண்டு என்பது 1548 தொடங்கி 1549 ஜனவரி வரை. அப்போது இன்னும் பழைய அங்கிகள் போகவில்லை. அவற்றை ஒழித்தது அதற்கடுத்த 1552 புத்தகம்தான். ஆகவே ஆங்கிலோ-கத்தோலிக்கர்கள் சொன்னது: நாங்கள் சட்டத்தை மீறவில்லை, முந்நூறு வருஷமாக நீங்கள்தான் மீறிக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்புக்கு எரிச்சல் எவ்வளவு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சடங்குகளை எதிர்த்தவர்கள் 1865இல் ஒரு சங்கம் அமைத்து, பணம் திரட்டி, வழக்குப் போடத் தொடங்கினார்கள். முதல் பெரிய குறி மகானகி. அப்பத்தையும் பாத்திரத்தையும் தலைக்கு மேல் உயர்த்தினார், அளவுக்கு மீறி முழங்காலிட்டார், தூபம் காட்டினார், ரசத்தில் தண்ணீர் கலந்தார், பகலில் விளக்கேற்றினார் என்பவை குற்றச்சாட்டுகள். 1868இல் வழக்கு கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் அவருக்கு எதிராகத் தீர்ந்தது. முழங்காலிடக் கூடாது என்றால் சரி, முழங்காலை மடக்கி வணங்குகிறேன் என்று அவர் தொடர்ந்தார். பிறகு அந்த முழங்கால் தரையைத் தொட்டதா இல்லையா என்று உயர்ந்த நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். 1870இல் மூன்று மாதம் பணி இடைநீக்கம். அப்புறமும் வழக்குகள் விடாமல் வந்தன.

1874இல் நிலைமை முற்றியது. ஆர்ச்பிஷப் டெய்ட் முன்மொழிந்து, விக்டோரியா ராணியும் பிரதமர் டிஸ்ரேலியும் ஆதரித்து, பொது வழிபாட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வழக்கை வேகமாக முடிக்க ஒரு புதிய நீதிபதி நியமிக்கப்பட்டார். அடுத்து நடந்ததை அரசு எதிர்பார்க்கவில்லை. சபை விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல அரசு நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று சில குருவானவர்கள் ஆஜராகவே மறுத்தார்கள். அது நீதிமன்ற அவமதிப்பு, ஆகவே சிறை. 1877இல் ஆர்தர் டூத் தொடங்கி 1887க்குள் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் மான்செஸ்டர் பக்கத்துச் சிட்னி கிரீன் ஒன்றரை வருஷத்துக்கு மேல் லான்காஸ்டர் கோட்டைச் சிறையில் இருந்தார். மெழுகுவர்த்திக்காகச் சிறையா என்று பொதுமக்களுக்கே சங்கடமாகிவிட்டது. வழக்குகளைத் தடுக்கும் அதிகாரம் பிஷப்புகளுக்கு அந்தச் சட்டத்திலேயே இருந்தது. அவர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

மகானகிக்கு இந்தத் திருப்பம் பயன்படவில்லை. 1882இல் டெய்ட் மரணப்படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டதால் ஹோல்போர்னை விட்டு லவுடரின் பழைய சேகரத்துக்கு மாறினார். வழக்கு அங்கேயும் துரத்தியது, அடுத்த ஆண்டே விலகினார். 1887 டிசம்பரில் ஸ்காட்லாந்து மலைகளில் நடக்கப் போனவர் பனியில் வழிதவறி இறந்தார். தேடிப் போனவர்கள் கண்டபோது, கூடப் போன இரண்டு நாய்கள் உடலருகே காவல் இருந்தன.

அடுத்த வழக்கு லிங்கன் பிஷப் எட்வர்ட் கிங்கின் மேல். 1890இல் ஆர்ச்பிஷப் பென்சன் அதைத் தானே விசாரித்து, பீடத்தில் விளக்கு உட்படப் பெரும்பாலானவற்றை அனுமதித்தார். 1906இல் ஓர் அரச ஆணையம், வழிபாட்டுச் சட்டம் இந்தத் தலைமுறைக்கு மிகக் குறுகலானது என்று எழுதியது. சட்டத்தை எடுத்துப் போடத்தான் 1960கள் வரை ஆனது.

சுருக்கம்: சண்டை அங்கியைப் பற்றியதாகத் தெரிந்தாலும், அடியில் இருந்தது இரண்டு கேள்விகள். கிறிஸ்து அப்பத்தில் இருக்கிறாரா? சபையின் வழிபாட்டைத் தீர்மானிப்பது யார், சபையா நாடாளுமன்றமா?

இன்று உள்ளே போனால்

புனித ஆல்பனின் பழைய கட்டடத்தில் பெரும்பகுதி 1941 குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஏட்ரியன் கில்பர்ட் ஸ்காட் மறுபடி கட்டிய ஆலயம் 1961இல் திறக்கப்பட்டது. கிழக்குச் சுவரை முழுவதும் நிறைத்து நிற்கும் திரித்துவ ஓவியம், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதக் கலைஞர் ஹான்ஸ் ஃபைபுஷ் வரைந்தது.

இங்கே ஞாயிறு ஆராதனையை மாஸ் என்றே சொல்வார்கள். ஊழியர்கள் பவனியாக வருவார்கள், பீடத்துக்குத் தூபம் காட்டப்படும். சுவிசேஷம் வாசிக்கும்போது அந்தப் புத்தகத்துக்கும் தூபம் உண்டு. ஆசீர்வாத ஜெபத்தில் அப்பத்தை உயர்த்தும்போது மணி அடிக்கும். 1868இல் குற்றம் என்று தீர்ந்த அதே செயல். பாவசங்கீர்த்தனம் (பாவங்களைக் குருவானவரிடம் அறிக்கையிடுவது) கேட்பதும் உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. எல்லாரும் செய்யலாம், யாரும் செய்தே ஆக வேண்டியதில்லை என்பது ஆங்கிலிக்கன் வழக்கம்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலோ-கத்தோலிக்கர் எல்லாரும் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். 1992இல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க இங்கிலாந்து திருச்சபை தீர்மானித்தபோது பிளவு வந்தது. சிலர் மகிழ்ந்தார்கள். சிலர் ரோமுக்குப் போனார்கள். சிலர் சபைக்குள்ளேயே, பெண்களுக்குப் பட்டம் கொடுக்காத பிஷப் ஒருவரின் கவனிப்பில் இருக்கிறார்கள். லண்டனில் அந்தப் பொறுப்பு ஃபுல்லம் பிஷப்புடையது. ஹோல்போர்னும் மார்கரெட் தெருவும் இந்த மூன்றாம் வகை.

சென்னையில் கேட்ட எதிரொலி

அப்போஸ்தல வழிமரபு என்பது ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றினால், 1947ஐப் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரகேஷனல் மரபினர் ஒன்றானார்கள். யாழ்ப்பாணமும் அதில் சேர்ந்தது. பெரும் சாதனைதான். ஆனால் பிஷப் கை வைக்காமல் பட்டம் பெற்றிருந்த போதகர்களையும், மறுபடி பட்டம் கொடுக்காமல், அப்படியே குருக்களாக ஏற்றுக்கொண்டார்கள். சங்கிலி இங்கே அறுகிறதே என்று இங்கிலாந்தின் ஆங்கிலோ-கத்தோலிக்கர்கள் பதறினார்கள். லண்டனில் இதே மரபைச் சேர்ந்த ஓர் ஆலயத்தில் சபை மூப்பராக இருந்த கவிஞர் டி. எஸ். எலியட், 1943லேயே இந்த இணைப்புத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஒரு பகுதியினர் இணையாமலே நின்றார்கள்.

புதிய சபை சங்கிலியை விட்டுவிடவில்லை. முதல் பிஷப்புகளுக்கு ஆங்கிலிக்கன் பிஷப்புகளின் கையால்தான் பட்டாபிஷேகம் நடந்தது. அன்றிலிருந்து எல்லாப் பட்டங்களும் பிஷப் கையால் மட்டுமே என்று விதியும் வைத்தார்கள். பழைய போதகர்களின் தலைமுறை கழிந்தால் பிரச்சினை தானாகத் தீரும் என்பது கணக்கு. நீண்ட விவாதத்துக்குப் பிறகு 1955இல் இங்கிலாந்து திருச்சபையின் மாமன்றங்கள், 1947 தொடக்கவிழாவிலும் அதற்குப் பின்னும் இங்கே கொடுத்த பட்டங்களைச் செல்லுபடியானவை என்று ஏற்றுக்கொண்டன.